கனவில் கதை கண்டவர்



நேற்று ராத்திரி நீங்கள் என்ன கனவு கண்டீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வானத்தில் பறப்பது போல வந்திருக்கலாம். பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்த பிறகு பேனா கொண்டுவரவில்லை என்று தெரிந்து அழுவது போல வந்திருக்கலாம். பல் தேய்த்து முடிப்பதற்குள் அதில் பாதி மறந்தும் போயிருக்கும்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டுரை நோட்டில் சொந்தமாக ஒரு கதை எழுதி வரச் சொன்னால், வகுப்புக்கு நாலைந்து பேர் தங்கள் கனவைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். கிணற்றுக்குள் ஓர் ஊர் இருக்கும். ஆடு, மாடெல்லாம் பேசும். படிக்கப் படிக்க எனக்கே ஆவலாக இருக்கும். ஆனால் முக்கால் பக்கத்தில் கதை டக்கென்று நின்றுவிடும். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அதற்குள் அம்மா எழுப்பிவிட்டார்கள் என்று பதில் வரும். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்ததே இல்லை. ஏனென்றால், உலகப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளருக்கும் இதே கஷ்டம் வந்திருக்கிறது. சுவாரசியமான கனவின் நடுவில் அவருடைய மனைவி அவரைத் தட்டி எழுப்பிவிட்டார். அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். உங்களில் சிலர் 'டிரெஷர் ஐலண்ட்' கதையைப் படித்திருப்பீர்கள். ஒற்றைக் கால் கடற்கொள்ளைக்காரன், தோளில் கிளி, புதையல் வரைபடம் எல்லாம் வருமே, அந்தக் கதையை எழுதியவர் அவர்தான்.

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரான எடின்பரோவில் 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி ஸ்டீவன்சன் பிறந்தார். அவருடைய குடும்பம் சாதாரணக் குடும்பம் அல்ல. தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோரும் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள். அலை வந்து மோதும் கடல் பாறைகளின் மேல் கல்லை அடுக்கிக் கோபுரம் எழுப்பி, உச்சியில் விளக்கு ஏற்றுவதுதான் அவர்கள் தொழில். தாத்தா கட்டிய பெல் ராக் கலங்கரை விளக்கம் 200 வருடங்களைத் தாண்டி இன்றும் கடலுக்கு நடுவே நிற்கிறது. வீட்டில் ஒரே பிள்ளையாகப் பிறந்த லூயியும் அந்த வேலைக்குத்தான் வருவான் என்று அப்பா தாமஸ் உறுதியாக நம்பினார்.

ஆனால் பையனுக்கு உடம்பு சரியில்லை. மார்புச் சளி, இருமல், காய்ச்சல் என்று மாறி மாறி வந்தது. குளிர்காலம் முழுவதும் படுக்கையிலேயே கிடப்பான். பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைவிடப் போகாத நாட்கள்தான் அதிகம். (இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் இரும ஆரம்பிக்க வேண்டாம்!)

அவனைப் பார்த்துக்கொள்ள அலிசன் கன்னிங்ஹாம் என்ற செவிலித்தாய் இருந்தார். அவரை எல்லோரும் கம்மி என்று கூப்பிடுவார்கள். இருமலால் பையன் தூங்க முடியாமல் தவிக்கும் இரவுகளில் கம்மி அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜன்னல் அருகே போவார். எதிர்ப்புறம் இருட்டில் ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலில் மட்டும் விளக்கு எரியும். அங்கேயும் இதே மாதிரி ஒரு குழந்தை தூங்காமல் விடியலுக்காகக் காத்திருக்கும் என்று அவனுக்கு ஆறுதல் சொல்வார். மாலை வேளையில் அதே ஜன்னலில் இருந்து பார்த்தால், ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடித் தெரு விளக்குகளை ஏற்றுகிறவர் தெரிவார். பெரியவரான பிறகு குழந்தைகளுக்காக ஸ்டீவன்சன் எழுதிய பாட்டுப் புத்தகத்தில் அந்த விளக்கேற்றுபவரும் வருகிறார்.

கம்மி கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஆனால் பேய், பிசாசு, நரகம், தீர்ப்பு நாள் என்று கதைகள் கொஞ்சம் காரமாகவே இருக்கும். கேட்கும்போது பையன் வாய் பிளந்து கேட்பான். ராத்திரி அதெல்லாம் கனவாக வந்து அவனை ஆட்டி வைக்கும். தீர்ப்பு நாளில் பெரிய சிம்மாசனத்தின் முன்னால் நிறுத்தி வைக்கப்பட்டது போலவும், பேசச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது போலவும் கனவு வரும். சில நாள் காரணமே இல்லாமல் ஒரு மாதிரியான பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்படுவான். விழித்திருக்கும்போது அந்த நிறம் அவனை ஒன்றும் செய்யாது. கனவில் வந்தால்தான் அலறுவான். அப்போது அப்பா எழுந்து வந்து, பயம் தெளியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். தாமஸ் கண்டிப்பானவர்தான். ஆனால் அவருக்கும் ஒரு ரகசியப் பழக்கம் உண்டு. தூக்கம் வருவதற்காகத் தினமும் தனக்குத்தானே கதை சொல்லிக்கொள்வார். கப்பல்கள், வழிப்பறித் திருடர்கள், கிழட்டு மாலுமிகள் என்று கதை போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கம் மகனுக்கும் அப்படியே வந்துவிட்டது.

ஆறு வயதில், உறவுக் குழந்தைகளுக்குள் அவருடைய பெரியப்பா ஒரு போட்டி வைத்தார். மோசேயின் சரித்திரத்தை எழுத வேண்டும். லூயிக்கு இன்னும் தானாக எழுதத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. அன்றிலிருந்து எழுத்தாளன் ஆவதுதான் அவன் ஆசை. 16 வயதில் ஸ்காட்லாந்துச் சரித்திரத்தில் நடந்த ஒரு கலகத்தைப் பற்றிச் சிறு புத்தகம் எழுதினான். அப்பாவே பணம் கொடுத்து 100 பிரதிகள் அச்சடித்துத் தந்தார். ஆனால் அதெல்லாம் பொழுதுபோக்கு, தொழில் என்றால் கலங்கரை விளக்கம்தான் என்பதில் அப்பா மாறவே இல்லை.

1867-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார் ஸ்டீவன்சன். விடுமுறையில் துறைமுக வேலை நடக்கும் இடங்களுக்கு அப்பா அனுப்புவார். விக் என்ற ஊரில், கனமான உலோகத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கியும் பார்த்தார். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கணக்குப் போடுவதும் வரைபடம் வரைவதும்தான் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் அவருக்கு விசித்திரமான கனவு ஒன்று வந்தது. தொடர்கதை போல, விட்ட இடத்தில் இருந்து மறுநாள் இரவு தொடரும். கனவில் அவர் ஒரு மருத்துவ மாணவர். பகல் முழுவதும் அறுவை சிகிச்சைக் கூடத்தில் பயங்கரக் காட்சிகளைப் பார்ப்பார். மாலையில் நனைந்த உடையோடு ஓர் உயரமான வீட்டின் படிக்கட்டில் ஏறுவார். இரவெல்லாம் ஏறினாலும் படிகள் முடியாது. எதிரே ஆட்கள் இறங்கி வந்துகொண்டே இருப்பார்கள். விடிவதற்குள் மறுபடி அறுவை சிகிச்சைக் கூடம் வந்துவிடும். பகலில் ஒரு வாழ்க்கை, இரவில் ஒரு வாழ்க்கை! எது நிஜம் என்றே அவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. கடைசியில் பயந்துபோய் ஒரு டாக்டரிடம் ஓடினார். அவர் கொடுத்த சாதாரண மருந்தில் கனவு நின்றது. கனவு எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

1871-இல் ஒரு நாள் அப்பாவோடு நடந்து போகும்போது, தன்னால் பொறியாளர் ஆக முடியாது, எழுதத்தான் பிடிக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கலங்கரை விளக்கின் ஒளியை விட்டு விட்டு எரியச் செய்வது பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்திருந்தார், அதற்கு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. மூன்று தலைமுறைத் தொழில் அறுந்து போவதைத் தாமஸால் எப்படித் தாங்க முடியும்? ஆனாலும் அவர் சத்தம் போடவில்லை. எழுத்து சோறு போடாது, அதனால் வக்கீலுக்காவது படித்து வை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மகனும் படித்து 1875-இல் வக்கீல் ஆனார். ஆனால் வழக்குகளுக்காக அவர் நீதிமன்றம் போனதெல்லாம் மிகக் கொஞ்சம்.

சரி, எழுதுவதற்கு அவர் எப்படிப் பழகினார்? அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று படிப்பதற்கு, இன்னொன்று வெற்று நோட்டு. நடக்கும்போது வழியில் எதைப் பார்த்தாலும் அதற்குச் சரியான வார்த்தை எது என்று மனத்துக்குள் தேடுவார். உட்கார்ந்ததும் நோட்டில் எழுதுவார். படித்த பகுதி ஏதாவது மனத்தில் பதிந்துவிட்டால், அந்த ஆசிரியரைப் போலவே எழுதிப் பார்ப்பார். சரியாக வராது. மறுபடி எழுதுவார். மறுபடியும் சரியாக வராது. இப்படிப் பல வருடங்கள். காப்பி அடிக்கக் கூடாது என்று வகுப்பில் பிரம்பை ஆட்டிய நான் இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அவர் அந்தப் பக்கங்களை யாருக்கும் காட்டித் தன்னுடையது என்று சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்.

பிரான்சில் சந்தித்த ஃபேனி என்ற அமெரிக்கப் பெண்மணியை 1880-இல் ஸ்டீவன்சன் மணந்துகொண்டார். அதற்காகக் கப்பலிலும், குடியேறிகள் போகும் ரயிலிலும் நெருக்கியடித்துக்கொண்டு கலிபோர்னியா வரை போய், நோயில் சாகக் கிடந்து பிழைத்தார். ஃபேனிக்கு முந்தைய திருமணத்தில் லாயிட் என்ற மகன் இருந்தான். 'டிரெஷர் ஐலண்ட்' பிறந்ததற்கு அந்தப் பையனும் ஒரு காரணம்.

1881-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற மலையூரில் எல்லோரும் தங்கியிருந்தார்கள். வெளியே போக முடியாமல் ஒரே மழை. லாயிட் வண்ணப் பெட்டியை வைத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்டீவன்சனும் கூட உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். குன்றுகளுக்கும் விரிகுடாக்களுக்கும் பெயர் வைத்தார். வைக்க வைக்க, அந்த மரங்களுக்கு நடுவே கத்தியோடு ஆட்கள் ஓடுவது தெரிந்தது! உடனே அத்தியாயங்களின் பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டார். தினம் ஒரு அத்தியாயம் எழுதி வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். லாயிட் துள்ளினான். அதைவிட ஆச்சரியம், கலங்கரை விளக்கத் தாத்தா தாமஸும் துள்ளினார். கதையில் ஒரு கிழட்டு மாலுமியின் பெட்டியைத் திறக்கும் காட்சி வரும். அதற்குள் என்னென்ன பொருள்கள் இருக்க வேண்டும் என்று தாமஸே உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். எழுத்து வேண்டாம் என்று சொன்ன அதே அப்பா!

பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயங்கள் முடிந்தன. பதினாறாவதில் பேனா நின்றுவிட்டது. ஒரு வரி கூட வரவில்லை. முன்பகுதியோ ஏற்கெனவே சிறுவர் பத்திரிகைக்குப் போய்விட்டது. பிறகு உடம்புக்காக சுவிட்சர்லாந்தில் உள்ள டாவோஸுக்குப் போனபோது, ஒரு நாள் காலையில் மறுபடி கதை ஊற ஆரம்பித்து, மீண்டும் தினம் ஒரு அத்தியாயமாக முடிந்தது. 1883-இல் அது புத்தகமாக வந்தது. ஆனால் பதிப்பகத்துக்கு அனுப்பிய வரைபடம் தொலைந்துவிட்டது! கதையைத் திரும்பப் படித்து, இடங்களைக் கணக்குப் போட்டு, அப்பாவின் அலுவலகத்தில் புதிதாக ஒரு வரைபடம் தயாரித்தார்கள். ஆனாலும் அந்த முதல் படம்போல வரவில்லை என்று ஸ்டீவன்சனுக்கு வருத்தம்.

இனி, நான் ஆரம்பத்தில் சொன்ன கனவுக்கு வருவோம்.

1885-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் போர்ன்மத் என்ற ஊரில் ஸ்டீவன்சன் குடியிருந்தார். அவருடைய பெரியப்பா ஆலன் கட்டிய ஸ்கெரிவோர் என்ற கலங்கரை விளக்கத்தின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்திருந்தார். இருமினால் ரத்தம் வரும். சில நாட்கள் வாய் திறந்து பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுவார். பணக் கஷ்டமும் இருந்தது. நல்ல கதை ஒன்று எழுதியே தீர வேண்டிய நிலைமை.

மனிதனுக்குள் நல்லவன் ஒருவனும் கெட்டவன் ஒருவனும் சேர்ந்தே இருக்கிறார்களே, அதை எப்படிக் கதையாக்குவது என்று அவர் வெகு காலமாக யோசித்துக்கொண்டிருந்தார். சிறுவனாக இருந்தபோது அவருடைய அறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதைச் செய்தவர் வில்லியம் பிரோடி என்ற தச்சர். பகலில் ஊரே மதிக்கும் பெரிய மனிதர். இரவில் வீடு புகுந்து திருடுவார். 1788-இல் அவரைத் தூக்கில் போட்டார்கள். அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே தூங்கிய பையனுக்கு என்னென்ன தோன்றியிருக்கும்! பிறகு நண்பர் ஒருவரோடு சேர்ந்து பிரோடியைப் பற்றி நாடகமும் எழுதினார். இதே கருத்தில் இன்னொரு கதை எழுதி, திருப்தி இல்லாமல் எரித்தும் விட்டார்.

இந்த முறை இரண்டு நாட்கள் மூளையைக் கசக்கினார். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் இரவு தூக்கத்தில் அலற ஆரம்பித்தார். பயந்துபோன ஃபேனி அவரைப் பிடித்து உலுக்கி எழுப்பினார். விழித்தவருக்கு ஒரே கோபம். அருமையான பேய்க்கதை ஒன்றைக் கனவு கண்டுகொண்டிருந்தேனே, கெடுத்துவிட்டாயே என்று மனைவியிடம் சலித்துக்கொண்டார்.

கனவில் அவருக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? ஜன்னல் அருகே நடக்கும் ஒரு காட்சி. அப்புறம், குற்றம் செய்துவிட்டு ஓடுகிற ஒருவன் துரத்தி வந்தவர்களின் கண் முன்னாலேயே ஏதோ பொடியைச் சாப்பிட்டு வேறு மனிதனாக மாறும் காட்சி. அவ்வளவுதான். என் மாணவர்கள் முக்கால் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஸ்டீவன்சனுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு!

படுக்கையில் இருந்தபடியே எழுத ஆரம்பித்தார். மூன்றே நாளில் கதை முடிந்தது. ஆவலோடு ஃபேனியிடமும் லாயிடிடமும் வாசித்துக் காட்டினார். லாயிட் மெய்சிலிர்த்துப் போனான். ஃபேனி மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு, இது வெறும் பயமுறுத்தும் கதையாக இருக்கிறது, மனிதனுடைய இரண்டு மனங்களைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டிய கதை இது என்று சொல்லிவிட்டார். ஸ்டீவன்சன் கோபத்தில் கொதித்தார். வீட்டில் பெரிய சண்டை. அறைக்குப் போனவர் கொஞ்ச நேரம் கழித்து, ஃபேனி சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் திக்கென்கிறது. எழுதிய காகிதங்கள் எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிட்டார். வைத்திருந்தால் பழையதில் இருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும், அது கூடாது என்று நினைத்தார். உடம்பு முடியாத மனிதர், பணமும் இல்லை, மூன்று நாள் உழைப்பு சாம்பலாகக் கிடக்கிறது. முதல் வரியில் இருந்து மறுபடி எழுதினார். இன்னும் மூன்று நாளில் புதிய கதை தயாரானது. அதன் பிறகும் சில வாரங்கள் திருத்திக்கொண்டிருந்தார்.

1886 ஜனவரியில் அது வெளிவந்தது. விலை ஒரு ஷில்லிங். நல்லவரான டாக்டர் ஜெகில் ஒரு மருந்தைக் குடித்துக் கொடியவனான ஹைடாக மாறும் அந்தக் கதை, ஆறு மாதத்தில் பிரிட்டனில் மட்டும் ஏறக்குறைய 40,000 பிரதிகள் விற்றது. இன்றும் ஒருவர் இரட்டை வேடம் போட்டால் ஆங்கிலத்தில் ஜெகில், ஹைடு என்று அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். (கொஞ்சம் பயங்கரமான கதை. பெரிய வகுப்புக்கு வந்த பிறகு படியுங்கள்.)

கனவில் கதை வருவது எப்படி என்று பலரும் கேட்டதால், 1888-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தன் தலைக்குள் குட்டி மனிதர்கள் சிலர் இருப்பதாகவும், தான் தூங்கும்போது அவர்கள் மேடை போட்டு நாடகம் நடத்துவதாகவும் அதில் சொல்கிறார். கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டால் குட்டி மனிதர்கள் இன்னும் மும்முரமாக வேலை செய்வார்களாம்! ஆனால் மேஜை முன்னால் உட்கார்ந்து பேனா பிடிப்பதும், வேண்டாததை வெட்டுவதும், நல்ல வார்த்தைகளைத் தேடுவதும் தன் வேலை என்கிறார். கடைசியில் தபால் செலவுக்குப் பணம் கொடுப்பதும் தான்தான் என்று கிண்டலாகச் சேர்த்துக்கொள்கிறார்.

1887-இல் அப்பா தாமஸ் இறந்துபோனார். நோய்க்கு இதமான இடம் தேடி ஸ்டீவன்சன் குடும்பத்தோடு அமெரிக்கா போய், அங்கிருந்து பாய்மரக் கப்பலில் பசிபிக் கடலைச் சுற்றினார். 1889 கடைசியில் சமோவா தீவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வைலிமா என்ற இடத்தில் காட்டை வாங்கித் திருத்தி வீடு கட்டிக்கொண்டார். சமோவா மக்கள் அவரைத் துசிதாலா என்று அழைத்தார்கள். கதை சொல்பவர் என்று அர்த்தம். கேட்டதைக் கொடுக்கும் பூதம் அடைபட்ட ஒரு பாட்டிலைப் பற்றி அவர் எழுதிய கதை 1891-இல் சமோவா மொழியில் வந்தது. அதைப் படித்தவர்கள் அது நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். இவ்வளவு பெரிய வீடு கட்டியிருக்கிறாரே, அந்தப் பாட்டில் இவரிடம்தான் இருக்க வேண்டும் என்று, விருந்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது பாட்டிலைக் காட்டும்படி கெஞ்சுவார்களாம்.

அதே 1891-இல் அவர் செய்த இன்னொரு காரியம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனி ஐட் என்ற சிறுமி கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள். இரண்டு நாளும் ஒன்றாகிவிட்டதால் தனியாகப் பிறந்தநாளே இல்லை என்று அவளுக்குக் குறை. அதைக் கேள்விப்பட்ட ஸ்டீவன்சன், தன் பிறந்தநாளான நவம்பர் 13-ஐ அவளுக்கே கொடுத்துவிட்டார். சும்மா வாய் வார்த்தையாக அல்ல. வக்கீலுக்குப் படித்தவர் அல்லவா? முறையாகப் பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். ஒழுங்காகக் கொண்டாடாவிட்டால் பிறந்தநாள் அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்விடும் என்று நிபந்தனையும் போட்டிருந்தார்!

சமோவாவில் அப்போது வெளிநாட்டார் ஆதிக்கத்தால் சண்டை நடந்தது. தோற்றுச் சிறைக்குப் போன தலைவர்களுக்கு ஸ்டீவன்சன் உணவும் மற்றப் பொருள்களும் கொண்டுபோய்க் கொடுத்தார். 1894-இல் விடுதலையானதும் அவர்கள் நேராக வைலிமாவுக்கு வந்து, கூலி வாங்காமல் அவர் வீட்டுக்கு ஒரு சாலை போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி காலையில் புதிய நாவல் ஒன்றை உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் சாப்பாட்டுக்கு ஃபேனியோடு சேர்ந்து சாலட் கலந்துகொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 44.

வீட்டுக்குப் பின்னால் உள்ள வையா மலையின் உச்சியில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். அங்கே போக வழியே கிடையாது. ஒரே காடு. தகவல் கேட்டுத் தலைவர்கள் ஆட்களோடு கோடரியும் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மரங்களை வெட்டிச் செங்குத்தான பாதை ஒன்றை உச்சி வரை போட்டார்கள். மறுநாள் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். அவருடைய வைலிமா வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் காட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, கல்லறையையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். உச்சியில் நின்றால் கீழே கடல் தெரியும்.